பீடத்துக்கு வந்த சாம்பிராணி

தோட்டத்துக் கத்தோலிக்கப் பாட்டிகளுக்கு இரண்டு வகை வணக்கம் தெரியும். வீட்டு மாடத்தில் இருக்கும் மாதா படத்தின் முன் இரு கைகளையும் கூப்பித் தலை குனிவார்கள். கோயிலுக்குள் நுழைந்தால் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி எழுவார்கள். முதல் வணக்கம் தாயிடம் கற்றது. இரண்டாவது, ஐரோப்பிய அரசவைகளில் பிரபுக்கள் முன் மண்டியிட்ட பழக்கத்திலிருந்து வழிபாட்டுக்குள் வந்தது. இரண்டிலும் பக்தி ஒன்றுதான். ஆனால் நெடுங்காலம் இரண்டாவதற்கு மட்டுமே வழிபாட்டுச் சட்டத்தில் இடம் இருந்தது.

கூப்பிய கைக்கும் அந்த இடம் கிடைத்தது 1969இல். அதைக் கேட்டு வாங்கியவர் பாண்டிச்சேரி மறைமாவட்டத்துக் கல்லேரி என்ற ஊரில் பிறந்த ஒரு தமிழர். பின்னாளில் கர்தினாலான துரைசாமி சைமன் லூர்துசாமி. கோல சிலாங்கூர் வட்டாரத்துக் கத்தோலிக்கர்களில் பலருக்கு இந்தப் பெயர் பழக்கமில்லை. ஆனால் பொங்கல் திருப்பலியில் குத்துவிளக்கு ஏற்றும்போதும் ஆரத்தித் தட்டு சுற்றும்போதும் அவர் எழுதிக் கேட்ட காரியத்தைத்தான் நாம் செய்கிறோம். அவரை இங்கே அறிமுகப்படுத்த எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

கல்லேரிக்கும் நம் வட்டாரத்துக்கும் உள்ள உறவு பழையது. பாண்டிச்சேரி மறைப்பணியும் மலாயா மறைப்பணியும் ஒரே பிரெஞ்சு அமைப்பின் கையில் இருந்தன. பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபை என்பது அதன் பெயர். பினாங்கில் 1808இல் இடம்பிடித்த பொதுக் குருமடம்கூட அதற்கு முன் 1770 முதல் 1782 வரை பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்தில்தான் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே சாமியார்களாக மட்டும் வரவில்லை. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டவர் ஹென்ரி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. அவர் 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசையும் பெற்றார். தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டம், பிரெஞ்சுத் துரை, ஆப்பிரிக்கப் பனை, அதைச் சுமந்து வளர்த்த தமிழ்க் கைகள். அந்தக் கைகளில் சில செபமாலையும் உருட்டின. பத்தாங் பெர்ஜுந்தை இப்போது பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. அங்குள்ள கோயில் வனத்துச் சின்னப்பர் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சின்னப்பர் திருநாள் சனவரி 15ஐ ஒட்டி, பொங்கலோடு சேர்ந்தே வரும். ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கள் புனிதரையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பூசையைச் சற்று நினைத்துப் பாருங்கள். சாமியார் பீடத்தை நோக்கி நிற்பார். மந்திரங்கள் லத்தீனில், அதுவும் பாதி முணுமுணுப்பில். மக்களுக்குக் கேட்காது, கேட்டாலும் புரியாது. மணி அடித்தால் தலை குனிவார்கள். மற்ற நேரமெல்லாம் செபமாலை சொல்வார்கள். பீடத்தில் ஒரு வழிபாடு, பாயில் இன்னொரு வழிபாடு என்று இரண்டும் ஒரே கூரைக்குள் நடந்தன.

பாயில் நடந்ததைக் குறைத்து மதிக்க வேண்டாம். இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் செய்த ஆய்வு ஒன்று 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. உடல்நலமுள்ள 23 பேரைச் செபமாலையின் மரியே வாழ்க செபத்தை லத்தீனில் சொல்லவைத்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறோம். செபம் சொன்னவர்களின் மூச்சோ நிமிடத்துக்கு 6 முறையை ஒட்டி இறங்கியது. காரணம் செபத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியைக் கூட்டம் சொல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 வினாடி ஆகிறது. சொல்லும்போது மூச்சு வெளியேறுகிறது, மற்றவர் சொல்லும்போது உள்ளே வருகிறது. நம் ரத்த அழுத்தத்துக்கும் இயல்பாகவே ஏறக்குறைய 10 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெல்லிய அலை ஒன்று உண்டு. மூச்சும் அந்த அலையும் ஒரே தாளத்தில் சேரும்போது, ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. யோக மந்திரம் ஒன்றைச் சொல்லவைத்தபோதும் இதே விளைவுதான். இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போனவர்கள் மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து, உபதேசியார் ஒரு பாதியும் தாங்கள் ஒரு பாதியுமாகச் செபமாலை சொன்னபோது, அந்தத் தாளத்தைத் தாங்களாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். உடலுக்கு இதமாக இல்லாத ஒன்று இத்தனை தலைமுறை தாங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

உடல் வழிபாட்டில் எவ்வளவு பங்கெடுக்கிறது என்பது தெரிந்தால்தான் லூர்துசாமி கேட்டவற்றின் கனம் புரியும்.

அவர் 1924 பிப்ரவரி 5இல் பிறந்தார், 1951இல் திண்டிவனத்தில் குருவானார். ரோமில் திருச்சபைச் சட்டம் படித்து முனைவர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து ‘சர்வவியாபி’ என்ற தமிழ் வார இதழையும் நடத்தினார். சட்டம் படித்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டைத் தமிழாக்கவும் இந்தியமாக்கவும் ஆசைப்பட்டவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, சந்தனம் பூசி, தமிழ் கற்று முயன்றார். அதன் பின்விளைவு கசப்பானது. 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் தம் ஆணையால் உள்ளூர்ச் சடங்குகள் பலவற்றுக்குத் தடையை உறுதிசெய்தார். இந்தியாவுக்கு வரும் குருக்கள் அந்தத் தடையைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் 1940இல்தான் நீங்கியது. அப்போது லூர்துசாமிக்கு வயது 16. அவர் கண்டுகொண்டது இதுதான்: ஆசை மட்டும் போதாது. அடுத்த ஆணையால் அழிக்க முடியாத அளவுக்கு அதை முறைப்படி சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

அதற்கான வாசல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் திறந்தது. 1963 டிசம்பர் 4இல் வழிபாட்டைப் பற்றிய கொள்கைத்திரட்டு 2,147 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவை 4. மக்களின் மொழிக்கு அதில் இடம் கிடைத்தது. அந்தந்த மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ற மாற்றங்களை அந்தந்த நாட்டு ஆயர்கள் முன்மொழியலாம், ரோம் அனுமதிக்கலாம் என்ற வழியும் எழுதப்பட்டது. பெங்களூரின் துணை ஆயராக லூர்துசாமியும் அந்தச் சங்கத்தில் இருந்தார். வயது 39.

1968இல் பெங்களூர்ப் பேராயரானார். இந்திய ஆயர் பேரவையின் வழிபாட்டுக் குழுவுக்கும் அவரே தலைவர். அவருடைய தம்பி அமலோற்பவதாஸ் அதே நகரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடக்க காலம் முதல் நடத்திவந்தார். தம்பி கனவு காண்பவர், அண்ணன் சட்டம் தெரிந்தவர். இருவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்து ஒரே ஊரில் ஒரே வேலையில் இருந்தது இந்தியத் திருச்சபைக்குக் கிடைத்த பேறு. 1969 ஏப்ரல் 3இல் பாப்பரசர் ஆறாம் பவுல் புதிய திருப்பலி நூலை வெளியிட்டார். ஏப்ரல் 25இல் இந்தியாவின் கோரிக்கைக்கு ரோமிலிருந்து சம்மதம் வந்தது. 12 அம்சங்கள் கொண்ட அந்தப் பட்டியல் இன்றும் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது.

பட்டியலில் என்ன இருந்தது? செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமரலாம். முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம். நெற்றி நிலத்தில் படப் பஞ்சாங்க வணக்கம் செய்யலாம். பீடத்தையும் புத்தகத்தையும் முத்தமிடுவதற்குப் பதில் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சமாதானம் சொல்லும்போது கைகூப்பலாம். சாமியாரின் உடை எளிமையாகி, தோளில் அங்கவஸ்திரம் வரலாம். திருமேனித் துகிலுக்குப் பதில் தாம்பாளம் வைக்கலாம். மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, சங்கிலித் தூபக்கலசத்துக்குப் பதில் பிடிவைத்த தூபக்கால். வரவேற்பிலும் காணிக்கையிலும் பூவும் தூபமும் தீபமும் கொண்டு ஆரத்தி.

இவற்றில் பாதி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவை. கிராமத்துக் கோயில்களில் நாற்காலி ஏது? மக்கள் தரையில்தான் அமர்ந்தார்கள், செருப்பை வெளியில்தான் விட்டார்கள். மணப்பெண்ணுக்கு ஆரத்தி எடுக்காத கத்தோலிக்க வீடு அரிது. அதுவரை வீட்டு வாசலோடு நின்றிருந்த அந்தப் பழக்கங்களைச் சட்டம் பீடம்வரை அழைத்துவந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது தூபக்கால்தான், அதற்குள் போடும் பொருளை வைத்து. ஐரோப்பியக் கோயில்களில் புகைந்தது பெரும்பாலும் பாஸ்வெலியா மரத்துப் பிசின். அரேபியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் விளைவது, நம்மவர்கள் பரங்கிச் சாம்பிராணி என்பார்கள். ஆனால் தமிழ் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை புகையும் சாம்பிராணி வேறு. மலாய்க்காரர்கள் கெமெஞான் என்று அழைக்கும் அதைத் தருவது ஸ்டைராக்ஸ் பென்சாயின் என்ற மரம். அதன் தாயகம் சுமத்ராவும் மலாய்த் தீபகற்பமும்தான். மலாவாத்தி குன்றில் ஏறி நின்று மேற்கே பார்த்தால் தெரியும் நீரிணைக்கு அந்தக் கரையில் சுமத்ரா. அங்கே பாருஸ் ஊரை ஒட்டிய லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு அங்கே தங்கி வியாபாரம் செய்ததற்கு அது சான்று. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன கரை அது.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்த மரத்தின் கதை சட்டென்று புரியும். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் எப்போதும் இருக்கிறது, உளி பட்டதும் வழிகிறது. சாம்பிராணி மரத்தில் அப்படி எதுவும் முன்கூட்டியே இல்லை. பட்டையைக் காயப்படுத்திய பிறகுதான் மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினைச் சுரக்கத் தொடங்குகிறது. அது காயத்தில் தேங்கி இறுகச் சில மாதங்கள் ஆகும், பிறகுதான் சுரண்டி எடுப்பார்கள். உள்ளே இருப்பவை பென்சாயிக் அமிலம், சின்னமிக் அமிலம், அவற்றின் எஸ்டர்கள், கொஞ்சம் வெனிலின். கிருமிகளை அடக்கும் பொருள்கள் இவை. மரத்துக்கு மருந்தாக ஊறியது நமக்கு மணமாகிறது. 1833இல் மிட்செர்லிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கிப் பென்சீனைப் பிரித்தெடுத்தார். இன்றைய சாயம், மருந்து, பிளாஸ்டிக் வேதியியலின் அடித்தளமான அந்தச் சேர்மத்தின் பெயரில் நம் தூபக்காலின் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிரட்டைக் கரி கனன்று மேலே சாம்பல் பூத்திருக்கும்போது ஒரு சிட்டிகைத் தூளைத் தூவிப் பாருங்கள். முதலில் ஓரங்கள் உருகிக் குமிழிடும், பிறகு வெண்புகை சுருளாக எழும். கரி அளவுக்கு மீறிச் சிவந்திருந்தால் பிசின் ஆவியாகும் முன் கருகி, காந்தல் நாற்றம் வரும். அதனால்தான் பாட்டிகள் சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருந்து தூவுவார்கள். வாசனை எங்கே தொடும் என்பதற்கும் உடலியலில் காரணம் உண்டு. மற்றப் புலன்களின் செய்தி மூளையின் தலாமஸ் வழியாகச் சென்றே மேற்பகுதியை அடைகிறது. மணம் மட்டும் அந்த வழியில் நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போகிறது. வீட்டில் பாட்டி போட்ட புகை கோயில் பீடத்திலும் எழும்போது, விளக்கமே தேவைப்படாமல் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எண்ணெய் விளக்கின் கதை சிறியது. பழைய சட்டப்படி திருப்பலிக்கு எரியும் மெழுகுவர்த்தியில் தேன்மெழுகு பெரும்பங்கு இருக்க வேண்டும். நம் ஊர்களுக்கு அது கப்பலில் வரவேண்டிய பொருள். தேங்காயெண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் உறையும். கோல சிலாங்கூர் வெக்கையில் அது எப்போதும் நீராகவே இருக்கும், திரியின் நூலிழை இடுக்குகளில் தானாக ஏறி எரியும்.

இந்த மாற்றங்களை எல்லோரும் வரவேற்கவில்லை. கிறிஸ்தவ வழிபாட்டில் இந்துமதத்தைக் கலக்கிறார்கள் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். அந்தப் பயத்துக்கு வரலாற்றுக் காரணம் இருந்தாலும், கைகூப்புவது எந்த ஒரு மதத்தின் சொத்தும் அல்ல. இன்னொரு எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘இந்தியப் பண்பாடு’ என்று நீங்கள் கொண்டுவருவது சமஸ்கிருதமும் மேல்சாதிக் கோயில் முறையும்தான், எங்கள் பறையும் கூத்தும் ஒப்பாரியும் எங்கே என்று தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் ஊரில் எந்தப் பெரிய கோயிலுக்குள் நுழைய முடியாமல் இருந்தார்களோ, அந்தக் கோயிலின் முறையை அவர்களுடைய பண்பாடு என்று தருவதில் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. விளக்கும் சாம்பிராணியும் கூப்பிய கையும் எல்லா வீட்டிலும் இருந்தவை, அவை நிலைத்தன. ஏட்டில் மட்டும் இருந்தவை ஏட்டிலேயே நின்றன.

ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். 12 அம்சங்கள் இந்தியாவுக்குத் தரப்பட்ட அனுமதி. மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆயர்களுக்குத் தனிப் பேரவை உண்டு. ஆகவே அந்தக் கடிதம் நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் தமிழ்த் திருப்பலி நூல்கள் தமிழ்நாட்டிலிருந்துதான் வருகின்றன. நூலோடு பாட்டு வந்தது, பாட்டோடு பழக்கமும் வந்தது.

லூர்துசாமி 1971இல் ரோமுக்கு அழைக்கப்பட்டார். நற்செய்தி அறிவிப்புப் பேராயத்தில் சேர்ந்து 1973இல் அதன் செயலரானார். 1940இல் அந்தச் சத்தியத்தை நீக்கிய அதே அலுவலகம் அது. 1985 மே 25இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அவரைக் கர்தினால் ஆக்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தமிழர் அவர். அதே ஆண்டு கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவரானார். வத்திக்கானின் பேராயம் ஒன்றுக்கு இந்தியர் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை. அங்கே அவர் கையில் வந்தது கேரளத்துச் சீரோ மலபார்த் திருச்சபையின் வழிபாட்டுச் சிக்கல். சிரியப் பழைய முறைக்குத் திரும்புவதா, இந்தியமாக்கிப் புதுப்பிப்பதா என்று அந்தச் சபை இரண்டுபட்டிருந்தது. பெங்களூரில் புதுமையின் பக்கம் நின்றவர், ரோமில் பழைய மரபைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். 1988இல் வந்த நெறிமுறைகள் அவருடைய பேராயத்திலிருந்து வந்தவைதான். இதை முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் வழிபாடு அவர்களுடைய வேரிலிருந்து வரவேண்டும் என்பதே இரண்டு இடத்திலும் அவர் வாதம். எது வேர் என்பதில்தான் கேரளத்தார் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 1991இல் ஓய்வுபெற்று, 2014 ஜூன் 2இல் ரோமில் காலமானார். தம்பி அமலோற்பவதாஸ் 1990லேயே சாலை விபத்தில் போய்விட்டார். மலேசியாவுக்கு முதல் கர்தினால் 2016இல் கிடைத்தார். சுங்கை பட்டாணியில் பிறந்து, 20 ஆண்டுகள் கோலாலம்பூர்ப் பேராயராக இருந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் அவர்.

12 அம்சங்களில் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. விளக்கும் ஆரத்தியும் கண்ணுக்குத் தெரிவதால் சண்டையெல்லாம் அவற்றைச் சுற்றியே நடந்தது. அந்த ஒன்று பலர் கவனத்துக்கு வரவேயில்லை. விசுவாசிகள் மன்றாட்டில் அச்சிட்ட வரிகளோடு நிற்காமல், மக்கள் தங்கள் சொந்தச் சொற்களில் வேண்டலாம் என்றது அது. என் கணக்கில் 12இல் இதுவே பெரிது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் திருச்சபையின் புதுப்பித்தலுக்காக ஒரு மாதம் ஒன்றுகூடினார்கள். அந்த மாதம் முழுவதும் பங்குகளில் வழிபாட்டை நடத்தியவர்கள் பொதுநிலையினர். சாமியார் எப்போதாவது வந்துபோகும் தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. உபதேசியாரும் கோயில் பெரியவர்களும் முன்னின்று செபம் நடத்திப் பழகியவர்கள்தான் அவர்கள். புதிது என்னவென்றால், பீடத்துக்கு எதிரே எழுந்து நின்று, நிரந்தர அடையாள அட்டை இல்லாத அண்ணனுக்காக, மூடப்போகும் தமிழ்ப்பள்ளிக்காக, தோட்டம் கைமாறியதும் வீட்டைக் காலிசெய்யச் சொல்லி வந்த நோட்டீஸுக்காக, எடைபோடும்போது குறைந்துபோன பாலுக்காக அவரவர் வாயாலேயே வேண்டிக்கொள்ளலாம், அதுவும் வழிபாட்டின் பகுதிதான் என்பது.

பெஸ்தாரி ஜெயாவிலும் புக்கிட் ரோத்தானிலும் இன்று லயங்கள் குறைந்து, மக்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கும் திருப்பலிக்குப் போகிறார்கள். மன்றாட்டு நேரத்தில் கைப்பேசியில் எழுதி வைத்ததைப் படிக்கிறார்கள்: வேலை கிடைக்க, கல்விக் கடன் அடைய, மருத்துவமனையில் இருக்கும் தாத்தா குணமாக.